உயர்ந்துகொண்டே போன மேசை

“பேனாவைக் குடுங்க.”

“முதல்ல நான் சொல்றதைக் காதுல—”

“வாங்கி வாங்கித்தான் மூணு மாசம் போச்சு. குடுங்க.”

“டாக்டர் என்ன சொன்னாரு? அவசரப்—”

“நாளைக்குக் காலைல டாக்டரா வந்து பிள்ளைங்களோட உட்காரப் போறாரு?”

சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் கணவர். நடுவில் பாதியில் நின்ற ராஜினாமாக் கடிதம். பேனா அவர் கையில்.

மழலையர் பள்ளியில் இருபத்தாறு வருடமாக அவள் பெயர் முயல் டீச்சர். பாடத்தை நின்று நடத்தியவள் இல்லை, குதித்து நடத்தியவள். நுரையீரல் வீங்கி மூச்சுத் திணறியபோது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை மூச்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தொடையை வாங்கிக்கொண்டது. உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தலை வாரக் கையைத் தூக்கினால் தோள்மூட்டு விண்ணென்று தெறித்தது. முகம் மட்டும் பூரித்துப்போய், பார்த்தவர்களெல்லாம் நன்றாகத் தேறிவிட்டதாக வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், தசை மெல்லத்தான் திரும்பும், அதுவரை தினமும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து எழுந்து உட்காருங்கள் என்றார் மருத்துவர். மரவேலை செய்யும் கணவர் அன்றைக்கே உயரமாக, கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று செய்தார். வழுக்காமலிருக்க நான்கு கால்களுக்கும் ரப்பர் மூடி மாட்டினார். பயிற்சியும் அதில்தான், சாப்பாடும் அதில்தான், வேறெதிலும் உட்காரக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அவள் பயிற்சி நோட்டை அவர் முன்னால் தள்ளினாள்.

“படிங்க. முதல் வாரம், ஆறு தடவை எழுந்ததும் கால் வெடவெடன்னு ஆடுது. பன்னிரண்டாவது வாரம், ஆறு தடவை, அதே வெடவெட. கடுகளவாவது முன்னேற்றம் இருக்கா?”

“இருக்கு.”

“எங்கே இருக்கு? என் கண்ணுக்குத் தெரியாம எங்கே ஒளிஞ்சிருக்கு?”

அவர் காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். இந்த மனிதர் இப்படித்தான், கேட்காததற்கெல்லாம் பதில் சொல்வார், கேட்டால் பென்சிலைப் பார்ப்பார்.

தலைமையாசிரியை போனில் தன்மையாகத்தான் பேசினார். விடுப்பு இன்றோடு முடிகிறது, நாளையிலிருந்து பிள்ளைகளோடு குட்டை முக்காலியில் உட்கார வேண்டும், ஒன்று வாசலுக்கு ஓடினால் அந்த நிமிடமே எழுந்து ஓட வேண்டும், முடியாதென்றால் இன்றே சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அதில் தப்பு சொல்ல அவளால் முடியவில்லை. வேறு யாரோ அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பதைத்தான் மனம் ஏற்கவில்லை.

“நாளைக்கு ஒரு நாள் போய்த்தான் பாரேன்” என்றார் கணவர்.

“போய்? முக்காலியிலேருந்து என்னைத் தூக்கிவிட நாலு வயசுப் பிள்ளைங்க வரிசையில நிக்கணுமா?”

அவர் பேனாவைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவள் விருட்டென்று எழுந்து, மேசைக்குக் குறுக்கே இரண்டு கைகளையும் நீட்டி, பேனாவைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

‘ஆகவே, என்னை’ என்று எழுதியதோடு கை நின்றது.

“இன்னொண்ணும் இருக்கு. உங்ககிட்ட சொல்லலை.”

“என்ன?”

“நான் குட்டையாயிட்டே வர்றேன்.”

அவர் நிமிர்ந்தார்.

மாத்திரை எலும்பையும் அரிக்கலாம், சிலருக்கு முதுகெலும்பு அமுங்கி உயரம் குறையும் என்று மருத்துவர் முதலிலேயே எச்சரித்திருந்தார். அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்றாள். முழங்கைக்குச் சரியாக இருந்த மேசை நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டது. இங்கே உட்கார்ந்தபடியே ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வாசலைப் பார்ப்பாள், இப்போது எதிர்வீட்டு மாடிதான் தெரிகிறது.

“ஆனா ஒண்ணு புரியலை. அடுப்பு மேடை மட்டும் ஏறாம அப்படியே இருக்கு. அப்பல்லாம் இங்கே உட்கார்ந்தா நுனிக்கால்தான் தரையில படும், இப்ப முழுப் பாதமும் படுது. முதுகு சுருங்கினா கால் எப்படிங்க நீளும்? மண்டை குழம்பிப்போச்சு. யார்கிட்டயும் கேட்கவும் பயமா இருக்கு.”

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் முகம் வெளிறிவிட்டது. பின்கட்டிலிருந்த பட்டறைக்குப் போய், ஒரு பழைய பிஸ்கட் டின்னோடு திரும்பி வந்து, அதை மேசைமேல் கவிழ்த்தார்.

கடகடவென்று உருண்டு விழுந்தன மரவில்லைகள். பிள்ளைகளுக்கு எண்ணச் சொல்லிக் கொடுக்கும் வில்லைகள் போலவே இருந்தன, அரை அங்குலத் தடிப்பில், ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு தேதி. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“நாற்பத்தெட்டு இருக்கு. வாரத்துக்கு நாலு, நாற்காலிக் காலுக்கு ஒண்ணு. நீ குளிக்கப் போற நேரத்துல அறுத்தேன்” என்றார். “சொன்னா கால் பயந்துக்கும்னு நாளைக் காலை வரைக்கும் மூடி வைக்க நினைச்சேன். நீ இப்படிப் பயப்படுவேன்னு எனக்குத் தோணவே இல்லையே.”

அவள் குனிந்து பார்ப்பதற்குள் அவர் தரையில் மண்டியிட்டு, நாற்காலியின் முன்னங்காலோடு அளவு நாடாவை நிறுத்தினார்.

“இருபது அங்குலம் இருந்தது, இப்ப பதினாலு. உன் வகுப்பு முக்காலியும் இதே உயரம்தான், நான் போய் அளந்துட்டு வந்தேன். இப்ப என் கையிலேருந்து பேனாவைப் பிடுங்கினியே, எதைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தே?”