எட்டுகிற இடம்

இந்தக் காலத்து ஆட்கள் எலும்பு முறிந்தாலும் ஊர்சுற்றலை விடுவதில்லை, வண்டியைத்தான் மாற்றியமைக்கிறார்கள் என்று தங்கக்கண்ணுக்கு எரிச்சல். பைக்கில் இமயமலைக்குப் போய் விழுந்த மகள் செல்வக்கனிக்கு வலது கை இன்னும் முழுதாக நீளவில்லை. புதிதாக மாட்டப்போகும் உயரமான ஹேண்டில்பாரும் எட்டாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். எட்டக் கூடாது என்றுதான் அவர் வேண்டிக்கொண்டு அவளோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார்.

மெக்கானிக் பழையதைக் கழற்றிவிட்டு அவளை வண்டியில் உட்காரவைத்தான். "கண்ண மூடிட்டு, வலிக்காத அளவுக்குக் கைய நீட்டுக்கா."

"கண்ண மூடிட்டுத்தான் ஓட்டப் போறாளாலே?" என்றார் தங்கக்கண்.

"ஏசாம இதப் புடிங்க அண்ணாச்சி" என்று புதியதை அவரிடம் திணித்தான்.

அவர் வண்டிக்கு முன்னால் நின்று, அந்தரத்தில் நீண்டிருந்த அவள் கைகளுக்கு அதைக் கொண்டுபோனார். பற்றியதும் உதட்டைக் கடித்தாள். அவர் கொஞ்சம் தாழ்த்தி, அவள் பக்கமாகத் தள்ளினார். உதடு விடுபட்டது. கண் திறக்காமலே, மலைத் திருப்பத்தில் போவதுபோல் மெல்ல இடப்பக்கம் வளைத்தாள். அவரும் கூடவே நகர்ந்தார்.

"இங்கதாம்ப்பா. அசையாதீங்க."

மெக்கானிக் அளவெடுக்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு ஹேண்டில்பாரை அவன் கையில் கொடுத்தார்.

"இதப் புடிச்சுக் குடுத்ததால போகச் சொல்லிட்டேன்னு நெனைக்காதட்டி" என்றபடி ரோட்டைப் பார்த்து நடந்தார்.