மனுஷங்க எழுதின மெயில்

"மனுஷங்க கைப்பட எழுதின மெயிலை மட்டும் வை. மத்த குப்பையைத் தூக்கிப் போடு" என்றார் எபனேசர். மனைவி போனபின், அந்த வீட்டில் அவருக்குப் பதில் சொல்ல மெயில் செயலி ஒன்றுதான் இருந்தது.

விளம்பரங்கள் போயின. வாரம் தவறாமல் வரும் மகளின் "சாப்பிட்டீங்களாப்பா?" மெயில்களும் மொத்தமாகப் போயின.

"ஏய், அது என் பொண்ணு எழுதினது!"

"இல்லை சார். அவங்க செயலி எழுதினது."

மிஞ்சியது ஒன்றே ஒன்று. கீழ்வீட்டு ரங்கராஜு எழுதியிருந்தார்: "உங்க செடித் தண்ணி எங்க துணி மேல சொட்டுது. எத்தனை தடவைங்க சொல்றது? காது கேக்காதா?"

எபனேசர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பால்கனிக்குப் போய், கீழே துணி காய்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, தொட்டிகளில் வழிய வழியத் தண்ணீர் ஊற்றினார்.