எனக்குப் பசிக்கிறேன்

குழந்தைகள் கேட்டுக் கேட்டுத்தான் பேசப் பழகுகிறார்களா, பேச்சின் ஒழுங்கு பிறவியிலேயே இருக்கிறதா என்று மாலை நேர மொழியியல் வகுப்பில் வாதம் நடந்துகொண்டிருந்தது. லூர்துநாதன் பிறவியின் பக்கம். தமிழ் வீட்டுக் குழந்தை எத்தனை முறை கேட்டாலும் சொல்லவே சொல்லாது என்று காட்ட, பிழையான ஒரு வாக்கியத்தை எடுத்திருந்தான்: ‘எனக்குப் பசிக்கிறேன்.’ ஒரு மாதம் கழித்து வகுப்பில் அவன்தான் பேச வேண்டும். தன் காதின் மேல் முழு நம்பிக்கை இல்லாததால், துணி மடிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். முதலில் சோற்றில் மணல் நெறிபட்டதுபோல் இருந்தது. சில வாரங்களில் அந்த நெறிப்பு போய்விட்டது.

நாளை அந்த வகுப்பு என்றிருக்க, இன்று அவனுடைய மூன்று வயது மகள் ஜெனி அடுக்களைக்கு ஓடிவந்து, “அம்மா, எனக்குப் பசிக்கிறேன்” என்றாள்.

அடுப்பருகே நின்ற அவன் மனைவி அமலி திரும்பக்கூட இல்லை. “இருடி தங்கம், தோசை வெந்துட்டிருக்கு.”

“அவ எப்படிச் சொன்னா, கேட்டியா?” என்றான் லூர்துநாதன்.

“கேட்டேனே. பசிக்குதாம்.”

“ஜெனி, இன்னொரு தடவை சொல்லும்மா.”

“புள்ளைய முதல்ல சாப்பிட விடுங்க. உங்க பரீட்சைய அப்புறம் வச்சுக்கலாம்.”

தோசையைப் பிய்த்து மகளின் தட்டில் போட்டுவிட்டு அமலி அவனைப் பார்த்தாள். “உங்களுக்கு?”

“எனக்கும்…” என்று தொடங்கினான். மீதிச் சொல் இரண்டு விதமாகவும் நாக்கில் வந்து நின்றது. இரண்டுமே சரியாக இருந்தன. அமலி கரண்டியில் மாவை அள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.