மொத்த எடை

"உன் மூணு வருஷ ஆராய்ச்சி தண்ணியில போச்சும்மா!"

படகின் விளிம்பில் நின்றபடி பேராசிரியர் இத்தீர்ப்பை வழங்கினார். கப்பல் வடிவமைப்புத் துறையில் தண்ணீரில் போவது ஓர் இழுக்கன்று என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

ஆய்வு மாணவி தன் குறிப்பேட்டை மறுபடியும் புரட்டினாள். அது அவள் வடிவமைத்த பயணிகள் படகு. பல்கலைக்கழகச் சோதனைத் தொட்டியில் அதன் சிறு மாதிரியை மிதக்கவிட்டு, இன்ன எடைக்கு இவ்வளவுதான் சாயும் என்று கணித்திருந்தாள். இன்று வளாகத்து ஏரியில் நிஜப் படகைச் சாய்த்துப் பார்க்கும் நாள். கணிப்புப் பொருந்தினால் முனைவர் பட்டம். பொருந்தாவிட்டால் மறுபடியும் அரிச்சுவடி.

எடைக்கற்களை ஏற்றிய லாரி வழியிலேயே படுத்துவிட்டது. ஆகவே துறையினர் எட்டுப் பேரும் எடைக்கற்களாகும் பேறு பெற்றனர். ஒவ்வொருவரும் தம் எடையைச் சொல்ல, மாணவி எழுதிக்கொண்டாள். பின்னர் எண்மரும் நடுவிலிருந்து ஒருசேர விளிம்புக்கு நகர்ந்தனர். கூரையில் கட்டித் தொங்கவிட்ட தூக்குக்குண்டு, சாய்வைக் காட்டியது.

"கூச்சப்படாம உள்ளதைச் சொல்லுங்க. இது விஞ்ஞானம்!" என்று எடை எழுதும்போதே முழங்கிய பேராசிரியர், தாமே முதலில் கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, "எழுபத்திரண்டு" என்று தொடங்கிவைத்தார்.

தலைமை எழுத்தர், "நூத்திப் பதினொண்ணு" என்றார். துறையில் அவருக்கு 'நங்கூரம்' என்று பெயர். சூட்டியவர் பேராசிரியர்தாம், அவருடைய கண்டுபிடிப்புகளுள் மறுப்பின்றி ஏற்கப்பட்டது அது ஒன்றே.

கடைசியில், படகு கணித்ததைவிட அதிகமாகச் சாய்ந்து தொலைத்தது.

"சார், தொட்டியில திரும்பத் திரும்பப் பார்த்தேன். தப்பே வராது" என்றாள் மாணவி. "சொன்ன எடையைவிட இருபது கிலோ கூட இருந்தா, என் கணக்கு அச்சாப் பொருந்துது."

"அப்போ எங்கள்ல யாரோ புளுகுறோம்கிறே?"

"ஐயோ, அப்படியில்லை சார். எல்லாரும் ஒரு தடவை தராசுல ஏறிட்டா..."

அனைவர் பார்வையும் நங்கூரத்தின் மீது விழுந்தது.

"நூத்திப் பதினொண்ணாம்! அவர் டிபன் கேரியரைச் சேர்த்தாரா, விட்டுட்டாரா கேளுங்க" என்றார் நூலகர் அம்மாள்.

சிரிப்பலையில் படகு மீண்டும் சற்றே ஆடியது.

கரையில் மேடைத் தராசு வந்து இறங்கியது. அறுவர் ஏறினர், அறுவரும் உத்தமர்கள். எஞ்சியவர்கள் நங்கூரமும், அவரை முன்னே போகும்படி பெருந்தன்மையுடன் கைகாட்டிக்கொண்டிருந்த பேராசிரியரும்தான்.

"ஏறுங்க சார், தராசு தாங்கும்! என்ன, நங்கூரம் கிளம்ப மாட்டேங்குது?" என்றார் பேராசிரியர்.

நங்கூரம் கிளம்பவில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தராசைப் பார்த்தார், கண்கலங்கி நின்ற மாணவியைப் பார்த்தார். சட்டென்று கைகூப்பிவிட்டார்.

"மன்னிச்சிடுங்க. நான்தான் இருபது கிலோ குறைச்சுச் சொல்லிட்டேன். இத்தனை பேர் முன்னாடி நூத்தி முப்பத்தொண்ணுன்னு சொல்ல வெட்கமாப் போச்சு."

ஏரிக்கரையே அதிரும்படி சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவர் பேராசிரியர்.

"பார்த்தியாம்மா? உன் பட்டத்துக்கே உலை வைக்கப் பார்த்தார் மனுஷன்! என்னய்யா, ஒரு ஆராய்ச்சிக்கு நேர்மைதானே முதல் மூலதனம்?"

நேர்மையைப் பற்றி ஒரு சிற்றுரையும் நிகழ்த்தினார். நங்கூரம் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பேராசிரியர் அந்த உற்சாகத்திலேயே, 'கணிப்புப் பொருந்தியது' என்று சோதனை அறிக்கையில் கையெழுத்திட்டார். "தராசை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க" என்று கட்டளையிட்டுவிட்டு, மற்றவர்களோடு தேநீர் அருந்தப் புறப்பட்டார்.

மாணவி தராசைவிட்டு நகரவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் கோபம் புகைந்தது.

"ஏறுங்க சார். ஆய்வேட்டுல சரியான எடையைப் போடணும்."

"வேண்டாம்மா, விடு."

"உங்க வெட்கத்தால நான் நடுத்தெருவில நின்னிருப்பேன் சார். ஏறுங்க!"

அவர் பெருமூச்சுவிட்டு ஏறினார்.

முள் நூற்றுப் பதினொன்றில் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். தராசைத் தட்டிப் பார்த்தாள். அதே நூற்றுப் பதினொன்று.

"சார்... அப்போ அந்த இருபது கிலோ?"

நங்கூரம் மெல்ல இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"உனக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரைத் தராசுல ஏத்திட்டு, நீ எங்கேம்மா பட்டம் வாங்குறது? உன் கணக்குக்கு மொத்த எடை சரியா வந்தாப் போதும். அது யார் வயித்துல இருந்தா என்ன!"