பதினோராவது திருத்தம்

முதல் படத்தைப் பிரேமினி பன்னிரண்டு நிமிடத்தில் முடித்திருந்தாள்.

அப்போதே அச்சுக்கு அனுப்பியிருக்கலாம். கொட்டகலை கடைவீதியின் அந்தப் பெனர் அச்சடிக்கும் கடையில் ஒரு மரண அறிவித்தலுக்கு அதற்கு மேல் நேரம் தேவைப்படாது.

இறந்தவர் ஜீவராணி. வயது ஐம்பத்து நாலு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். தனியாக எடுத்த படம் ஒன்றும் இல்லை என்று, போன வருடம் புதுப்பித்த அடையாள அட்டையை மகன் சுமன் காலையில் கொண்டுவந்து காட்டி, பிரதி எடுத்ததும் திரும்ப வாங்கிப் போனான். மூன்று மணிக்குப் பிரேதம் எடுப்பார்கள். அதற்கு முன்னால் தோட்டத்து முச்சந்தியில் பெனர் கட்டியாக வேண்டும்.

கன்னத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தது. எடுத்தாள். அது போனதும் அடுத்தது தெரிந்தது.

கண்ணுக்குக் கீழிருந்த கருமையை எடுத்தாள். உதட்டு வெடிப்பை, கழுத்துச் சுருக்கத்தை எடுத்தாள். சாயம்போன சட்டைக்கு மேல் பட்டுச் சேலை போர்த்தினாள். தலையின் குறுக்கே, காதுக்குக் காது, முடி தேய்ந்துபோன ஒரு தடம். முப்பது வருடமாக முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடையின் கயிறு கிடந்த இடம். அதையும் கறுப்பு முடியால் நிரப்பினாள்.

ஒவ்வொரு திருத்தத்தையும் முந்தியதன் மேலேயே சேமித்தாள். குறையுள்ள படம் ஒன்று கணினியில் கிடப்பதே அவளுக்குப் பிடிக்காது.

கடை முதலாளி மக்பூல் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். முதல் தரம், இதுவே போதும் மகள் என்றார். இரண்டாம் தரம், ஆளை அடக்கம் பண்ணிவிட்டு வந்தா பெனர் கட்டப்போகிறார்கள் என்று கேட்டார்.

போதும் என்று யார் சொன்னாலும் அவள் நம்புவதில்லை. தனக்கே அப்படித் தோன்றினால் இன்னும் சந்தேகம்.

பதினோராவது திருத்தம் ஒன்றரை மணிக்கு அச்சில் இறங்கியது.

சுமன் விரித்துப் பார்த்தான். வெகுநேரம் மடிக்காமல் நின்றான்.

"நல்லாத்தான் இருக்காங்க அக்கா. ஆனா இவங்க எங்க அம்மா இல்லைங்களே."

பழைய படம் எங்கேயும் இல்லை. அடையாள அட்டை மரணப் பதிவுக்காகச் சித்தப்பாவோடு நுவரெலியா போயிருந்தது. அவருடைய போனில் படம் பிடிக்க முடியாது.

சுமன் கடை வாசலில் போய் நின்றுகொண்டான். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிரேமினி படத்திலிருந்த பட்டுச் சேலையை எடுத்தாள். கன்னத்து வெளுப்பை இறக்கினாள். கண்ணுக்குக் கீழே கருமையைத் திரும்ப வைத்தாள். அப்படியும் அந்த முகம் யாருடையதாகவும் இல்லை.

மணி இரண்டு அடித்தது. தலைக்கு வந்தாள்.

அளக்கவில்லை. பெரிதாக்கிப் பார்க்கவில்லை. தடம் எங்கே தொடங்கியது என்று யோசிக்கக்கூட இல்லை. கை தானாகப் போயிற்று. வலது காதுக்கு மேலே அகலமாகத் தொடங்கி, உச்சியில் மெலிந்து, இடப்பக்கத்தில் நாலைந்து நரைமுடியை மட்டும் மிச்சம் வைத்து இறங்கியது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு வேலையை இரண்டாம் தரம் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினாள்.

சுமன் உள்ளே வந்தான். இந்த முறை வெகுநேரம் பார்க்கவில்லை.

"அம்மாதாங்க," என்றான். காலையிலிருந்து அழாதவன் அப்போதுதான் அழுதான்.

மக்பூல் முதலாளி அவனைத் தோளில் பிடித்து ஓட்டோ வரைக்கும் கூட்டிப்போனார். திரும்பி வந்து, நல்ல கைகாரி என்று அவளை மெச்சினார்.

ஓட்டோ மேட்டில் ஏறி மறைந்த பிறகுதான் பிரேமினி திரையில் அந்தத் தலையைப் பார்த்தாள்.

அந்த நரைமுடி அடையாள அட்டையில் இருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட தன் அம்மாவின் தலையில் இருந்தது.

போனை எடுத்து அம்மாவின் இலக்கத்தை அழுத்தினாள். அம்மா இந்நேரம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பாள். போன் வீட்டில், லயத்துக் காம்பராவில் கிடக்கும். அதெல்லாம் தெரியும்.

மணி அடித்து ஓய்ந்தது.

மறுபடி அழுத்தினாள்.