பாஸ்டர் பார்த்த படம்

தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, முகக்கவசத்தால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் சினிமா அரங்குக்குள் நுழைந்தார். இடது காலைச் சற்று இழுத்து வைக்கும் அந்த நடையை வைத்துத்தான் பிரேமலா அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

பாஸ்டர் வீரமுத்து. அவர் போனது சூப்பர்ஹீரோ படத்துக்கு.

ஸ்கூடாய் நகரில் அன்று புதன்கிழமை காலை பதினொரு மணி. மகளுக்குப் பள்ளிக் காலணி வாங்க மாலுக்கு வந்திருந்த பிரேமலா, கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

போன ஞாயிறுதான் அவர் பிரசங்கத்தில் கேட்டார்: "முகமூடி போட்டவன் வந்து காப்பாத்துவான்னு பிள்ளைங்க நம்பிட்டா, முள்முடி போட்டவர அப்புறம் எதுக்குத் தேடுவாங்க?"

சண்டே ஸ்கூல் டீச்சரான பிரேமலாவுக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அன்று மாலையே மகள் சாந்தினியின் சூப்பர்ஹீரோ போர்வையையும், அவள் வரைந்து சுவரில் ஒட்டியிருந்த படங்களையும் குப்பையில் போட்டாள். மூன்று நாளாக அந்தப் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு பேசவில்லை.

பிரேமலாவும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவருக்கு மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்தாள். இருட்டில் அவர் முதுகைக் கைப்பேசியில் படம் எடுத்து, சபைச் செயலாளர் ஜெயபாலனுக்கு அனுப்பத் தயாராக வைத்துக்கொண்டாள். அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்க மேடை ஏற முடியாது.

திரையில் கட்டடங்கள் சரிந்தன. யாரோ பறந்து வந்து யாரையோ காப்பாற்றினார்கள். முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர்கள் கைதட்டினார்கள்.

பாஸ்டர் தலை நிமிரவே இல்லை. ஜெபத்தில் இருப்பவர்போல இரண்டு மணி நேரமும் குனிந்தே இருந்தார்.

நடுவே ஒரு காட்சியில் சத்தமெல்லாம் அடங்கி அரங்கமே அமைதியானது. அப்போது அவர் குரல் மெல்லக் கேட்டது.

"வந்துட்டேன்பா."

அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கைகள் காலி.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். முகக்கவசத்தைக் கழற்றினார். நூற்றுக்கணக்கான பெயர்கள் மேலேறி மறைய, ஒன்றைக்கூட விடாதவர்போலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக வரும் குட்டிக் காட்சியும் முடிந்தது. மாணவர்கள் எழுந்தார்கள். திரை ஒரு கணம் கறுத்து, நடுவில் ஒரே ஒரு பெயர் வெள்ளை எழுத்தில் தோன்றியது.

எபனேசர் வீரமுத்து.

அதன் கீழே சிறிய எழுத்தில் ஏதோ ஒரு வரி. எழுந்து நின்றவர்களின் தலைகள் அதை மறைத்துக்கொண்டன. பாஸ்டர் எழுந்து நின்றார். பெயர் மறைந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

பிரேமலா இறங்கிப் போனாள். "பாஸ்டர்."

அவர் திடுக்கிடவில்லை. "உட்காருங்க சிஸ்டர்."

"எங்கள இந்தப் படமெல்லாம் பார்க்க வேணாம்னு சொல்லிட்டு நீங்க வந்து பார்க்குறீங்க. என் மக என் முகத்தையே பார்க்க மாட்டேங்குறா."

"நாலு தடவ வந்துட்டேன், சிஸ்டர். படத்த இன்னும் பார்க்கல. பேர மட்டுந்தான் பார்த்தேன்."

"யாரு அது, எபனேசர்?"

"என் மகன்."

பிரேமலா அவரையே பார்த்தாள். மனைவியை இழந்தவர், போன வருடம் பெக்கோக் ஊர்ச் சபையிலிருந்து மாற்றலாகித் தனியாக வந்தவர். அவருக்கு ஒரு மகன் உண்டு என்பது சபையில் யாருக்கும் தெரியாது.

"கோலாலம்பூர்ல, கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி படத்துக்கு வரையிற வேலைன்னு சொன்னான். பொய்யான ரட்சகன வரையிறவன் எனக்கு மகன் இல்ல, என் பேர எங்கயும் போடாதன்னு சொல்லி அனுப்பிட்டேன். ஆறு வருசம் ஆச்சு. அவன் என் பேர விடவே இல்ல, பார்த்தீங்களா."

"அப்புறம் ஏன் பாஸ்டர் இன்னும் அதையே பிரசங்கம் பண்றீங்க?"

அவர் வெற்றுத் திரையைப் பார்த்தபடியே பேசினார். "அதுல ஒண்ணும் தப்பில்லன்னு இப்ப சொல்லிட்டா, அவன எதுக்குத் தொரத்துனேன்னு எனக்கே நான் பதில் சொல்லணுமே."

பிரேமலா எடுத்திருந்த படத்தை அழித்தாள். கோபமெல்லாம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. சாந்தினி கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் மட்டும் காதுக்குள் கேட்டது. வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தக் கதவைத் தட்ட வேண்டும்.

"இன்னிக்கே போன் போடுங்க பாஸ்டர்," என்றாள். "திரையில எத்தன பேரு ஓடிச்சு, அவரு பேர மட்டும் தனியா போட்டிருக்காங்க. எவ்ளோ பெரிய ஆளா ஆயிருக்காரு லா. அப்பா குரலக் கேட்டா சந்தோசப்படுவாரு."

விளக்குகள் எரிந்தன. கூட்டிப் பெருக்கும் பெண் உள்ளே வந்து, இவர்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

பாஸ்டர் சொன்னார்: "இறந்து போனவங்க பேரத்தான் சிஸ்டர், அப்படித் தனியா போடுவாங்க."