கீழ இருக்கிற பேரு

"உசுரோட நிக்கிற மனுசன சாகடிச்சிட்டீங்களேய்யா!"

சேதுராமன் போட்ட சத்தத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

பின்னே? மகள் பிரேமிளாவின் கல்யாணக் கார்டு. அச்சகத்தில் ஆசை ஆசையாய்ப் பார்சலைப் பிரித்தால், 'அமரர் சேதுராமன் – சீதா தம்பதிகளின் புதல்வி' என்று தங்க எழுத்தில் மின்னுகிறது!

இன்றைக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முதல் கார்டைப் பிள்ளையார் காலடியில் வைத்துவிட்டு, புசல்லாவைக்குச் சம்பந்தி வீட்டுக்கு ஓடவேண்டும். இந்தக் கார்டோடா ஓடுவது?

"கோவப்படாதீங்க மொதலாளி," என்றார் அச்சகக்காரர் ஜமால்தீன். "கோயிலுக்கு வைக்க ஒன்ன இப்பவே அடிச்சுத் தாறேன். மத்ததெல்லாம் ஜும்மா தொழுகை முடிஞ்ச கையோட."

"கார்டு மாறும்யா, அபசகுனம் மாறுமா? என் சம்சாரம் பார்த்திருந்தா மயங்கி விழுந்திருப்பா. யாரு டைப் பண்ணினது?"

கம்ப்யூட்டர் முன்னாலிருந்து நிலூஷா எழுந்து நின்றாள். வேலைக்குப் புதுசு. கண் கலங்கிவிட்டது.

"படிச்ச புள்ள தானே நீ? அமரர்னா செத்தவங்கன்னு தெரியாது? உசுரோட இருக்கிறவங்களுக்கு அதப் போடுறது எவ்வளவு பெரிய பாவம்!"

"நீங்க தானே ஃபோன்ல சொன்ன, அங்கிள். எங்கப்பா பேருக்குப் போட்ட மாதிரி கீழ இருக்கிற பேருக்கும் அமரர் போடும்மான்னு. 'அமரர் பொன்னையாவின் பேத்தி'க்குக் கீழ உங்கட பேரு தானே இருக்கு?"

"அட, அதுக்கும் கீழ! சித்தப்பான்னு ஒரு பேரு இருக்குல்ல, அதுக்கு!"

"பேரச் சொல்லியிருந்தா நான் சரியாப் போட்டிருப்பேனே."

அந்தப் பேர்தான் சேதுராமன் வாயில் வராதே! தன் இஷ்டத்துக்கு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் போன தம்பி. அன்றிலிருந்து அந்தப் பேரைச் சொல்வதில்லை என்று ஒரு வைராக்கியம்; கார்டுக்கு அதை எழுதிக் கொடுத்ததுகூட சம்சாரம்தான்.

ஜமால்தீன் கார்டை வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"சித்தப்பா ஜீவன்... அமரர் போடச் சொல்றீங்களே, இவர் எப்ப மௌத்தாகின?"

"அது... வந்து... ரொம்ப நாளாச்சு." தம்பியைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் கேட்டபோது வாய் கூசாமல் சொன்ன அதே பதில்தான்.

"யா அல்லாஹ்! காலையில கடை திறக்க முந்தியே வந்து நின்னாரே!"

ஜமால்தீன் உள்ளே போய், காயப் போட்டிருந்த பேனரைத் தூக்கிக்கொண்டு வந்து விரித்துப் பிடித்தார்.

'எங்கள் அண்ணன் திரு. சேதுராமன் அவர்களின் செல்ல மகள் பிரேமிளா பல்லாண்டு வாழ்க! – சித்தப்பா ஜீவன்.'

"அவரக் கூப்பிடல்லயாம். மண்டபத்துக்கு வரமாட்டேன், பாலத்துக்கிட்டக் கட்டிட்டுப் போயிருவேன், புள்ள காருல போகக்குள்ள பார்த்தா போதும்னு சொன்ன. அண்ணன் பேர மட்டும் பெருசாப் போடட்டுமாம்."

சேதுராமன் அந்தத் 'திரு'வையே பார்த்துக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரம் பத்தைத் தாண்டியது. ராகு காலம் அவருக்கு மறந்தே போய்விட்டது.

நிலூஷா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"இப்ப யாருக்கு அங்கிள் அமரர் போட?"

சேதுராமன் பேனரின் ஒரு முனையைத் தானும் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கு மட்டும் போடும்மா. ஜீவனும் நானும் உசுரோடதான் இருக்கோம்."